உலோகத்துக்கு ஜாதகம் கணித்த விஞ்ஞானி

சென்னைக்கு வடக்கே, கடலோரமாகச் சுமார் 80 கிலோ மீட்டர் போனால் ஸ்ரீஹரிகோட்டா தீவு வரும். அங்கிருந்து ராக்கெட் கிளம்பும் நாட்களில் எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் காசிமேட்டிலும் ஜனங்கள் மொட்டை மாடிக்கு ஏறி விடுகிறார்கள். வானம் தெளிவாக இருந்தால், வடக்கே ஒரு நெருப்புப் பொட்டு எழும்பி, கடல் பக்கமாகச் சாய்ந்து போவது தெரியும். குழந்தைகள் கை தட்டுவார்கள். சில நிமிடங்களில் எல்லாம் முடிந்து விடும்.

அந்த நெருப்பு எவ்வளவு சூடு தெரியுமா? ராக்கெட்டின் வயிற்றுக்குள் எரியும் வாயு சுமார் 3,000 டிகிரி வெப்பம் கொண்டது. இரும்பு 1,538 டிகிரியிலேயே உருகி விடும். ஆனாலும் அந்த நெருப்பைச் சுற்றி இருப்பது ஒரு மெல்லிய எஃகுக் கூடுதான். உள்ளே வெப்பத்தைத் தடுக்க ஒரு பூச்சு இருக்கும். அழுத்தத்தைத் தாங்குவது எஃகு. அது பிளந்தால் ராக்கெட் இல்லை.

அந்த எஃகு பிளக்காது என்று எப்படித் தெரியும்? யார் அதற்குப் பொறுப்பு?

ராக்கெட் என்றதும் விக்ரம் சாராபாயின் பெயர் நினைவுக்கு வரும். அப்துல் கலாமின் பெயர் நினைவுக்கு வரும். அவர்களோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய இன்னொரு பெயர் உண்டு. அவர்தான் டாக்டர் பிரம்ம பிரகாஷ். அவர் ராக்கெட் விஞ்ஞானி அல்ல. உலோக விஞ்ஞானி. இந்திய உலோகத்தை உலகம் நம்பும்படி செய்யப் பாடுபட்டவர்.

லாகூரில் பிறந்தவர்

பிரம்ம பிரகாஷ் 1912-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 21-ந்தேதி லாகூர் நகரில் பிறந்தார். பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் ரசாயனம் படித்து, டாக்டர் பட்டம் பெற்றார். இரண்டாம் உலகப் போர் நடந்த ஆண்டுகளில், புகழ் பெற்ற விஞ்ஞானி சாந்தி ஸ்வரூப் பட்நாகரிடம் பணியாற்றினார்.

போர் முடிந்த பின் அமெரிக்கா போனார். பாஸ்டன் நகருக்கு அருகே உள்ள மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் சேர்ந்தார். மண்ணிலிருந்து தாதுவைப் பிரிப்பது, தாதுவிலிருந்து உலோகத்தைப் பிரிப்பது, எத்தனை டிகிரி சூட்டில் எது எதோடு சேரும் என்று கணக்கிடுவது ஆகியவற்றைக் கற்றார். 1949-ம் ஆண்டில் அங்கும் டாக்டர் பட்டம் பெற்றார்.

இதற்கு இடையில் 1947-ம் ஆண்டு வந்தது. நாடு சுதந்திரம் பெற்றது; இரண்டாகவும் பிரிந்தது. அவர் பிறந்து வளர்ந்த லாகூர் பாகிஸ்தானுக்குப் போய் விட்டது. இனி அவர் வாழ்வதற்குப் புதிய ஊர் வேண்டும். நாட்டுக்கும் புதிய தொழில்கள் வேண்டும்.

அப்போது அணு விஞ்ஞானி ஹோமி பாபா, திறமைசாலிகளைத் தேடித் தேடிச் சேர்த்துக் கொண்டிருந்தார். பிரம்ம பிரகாஷ் அணுசக்திக் கமிஷனில் உலோக நிபுணராகச் சேர்ந்தார். ஆனால் பம்பாயை அடுத்த டிராம்பேயில் ஆராய்ச்சிக்கூடம் அப்போது எழும்பவில்லை. ஆள் உண்டு, உலை இல்லை. என்ன செய்வது?

பெங்களூர் வகுப்பு

அவர் பெங்களூருக்கு அனுப்பப்பட்டார். அங்கே உள்ள இந்திய விஞ்ஞானக் கழகத்தில் 1951-ம் ஆண்டு உலோகவியல் துறையின் தலைவரானார். அந்தத் துறைக்குத் தலைமை வகித்த முதல் இந்தியர் அவரே. 1957 வரை அங்கே இருந்தார்.

அன்று நம் நாட்டில் உலோகம் தெரிந்தவர்கள் இல்லாமல் இல்லை. கொல்லுப் பட்டறை இல்லாத ஊர் உண்டா? வட சென்னையையே எடுத்துக் கொள்ளுங்கள். 1856-ம் ஆண்டிலேயே ராயபுரத்தில் ரயில் நிலையம் வந்து விட்டது. துறைமுகம், லாரித் தொழிற்சாலை, மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை என்று வரிசையாக வந்தன. 1948-ல் எண்ணூரில் மோட்டார் தொழில் தொடங்கியது. 1955-ல் திருவொற்றியூரில் என்பீல்டு வந்தது. இரும்பைத் தட்டவும் வளைக்கவும் கடையவும் தெரிந்த தொழிலாளிகள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள்.

ஆனால் தட்டிப் பார்த்து ஓசையிலிருந்து நல்ல இரும்பைச் சொல்வது வேறு. எத்தனை கிலோ பாரத்தில் அது அறுபடும் என்று எழுதிக் கொடுப்பது வேறு. முதலாவது கைப்பழக்கம். இரண்டாவது கணக்கு. பெங்களூர் வகுப்பில் உருவானது அந்தக் கணக்கு தெரிந்த ஒரு தலைமுறை.

ஜாதகம் என்றால் என்ன?

பெண் கொடுக்கும் போது என்ன செய்கிறார்கள்? பையன் எந்த ஊர், யார் மகன், என்ன படிப்பு, என்ன வேலை என்று விசாரிக்கிறார்கள். தெரிந்த குடும்பம் என்றால் கவலை இல்லை. ஊர் பேர் தெரியாத மாப்பிள்ளை என்றால் யோசிக்கிறார்கள்.

உலோகமும் அப்படித்தான். பழைய உலோகத்துக்கு அனுபவம் என்ற சாட்சி உண்டு. பல ஆண்டுகள், பல இடங்களில் உழைத்திருக்கிறது. புது உலோகம் ஊருக்குப் புது மாப்பிள்ளை. அது பலமானது என்று அதைச் செய்தவர் சொல்லலாம். விமானம் கட்டுகிறவர் நம்ப மாட்டார். கணக்கைக் காட்டு என்பார். இதுவரை யாரும் உபயோகிக்காததால் கணக்கு இருக்காது. கணக்கு இல்லாததால் யாரும் உபயோகிக்க மாட்டார்கள். இந்த முடிச்சை அவிழ்க்க ஒரே வழிதான் உண்டு. பொறுமையாகச் சோதித்து, ஒன்று விடாமல் எழுதி வைப்பது. அதுதான் உலோகத்தின் ஜாதகம்.

இந்தப் பழக்கம் ரயிலில் தொடங்கியது. 1842-ம் ஆண்டு மே மாதம் 8-ந்தேதி, பிரான்சு நாட்டில் வெர்சேல்ஸ் என்ற ஊரிலிருந்து பாரிசுக்கு வந்த ரயிலில் எஞ்சினின் அச்சு முறிந்தது. பெட்டிகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறித் தீப்பிடித்தன. ஐம்பதுக்கும் அதிகமானவர்கள் மாண்டார்கள். பாரம் தாங்கிக் கொண்டிருந்த அச்சு, திடீரென்று ஏன் முறிய வேண்டும்?

ஜெர்மனியில் வோலர் என்ற ரயில்வே எஞ்சினீயர் இதற்கு விடை தேடினார். ராயபுரத்தில் ரயில் ஓடத் தொடங்கிய அதே காலம் அது. அச்சுகளை இயந்திரத்தில் பூட்டி லட்சக்கணக்கான தடவை சுழற்றினார். ஒரே தடவையில் முறிக்க முடியாத பாரம்கூட, பல லட்சம் தடவை மாறி மாறி ஏறி இறங்கினால் இரும்பை முறித்து விடும் என்று கண்டார். மனிதனுக்கு இருப்பது போல உலோகத்துக்கும் களைப்பு உண்டு. எத்தனை பாரத்தில் எத்தனை தடவை என்று அவர் அட்டவணை எழுதினார். உலோகத்தின் ஆயுளைக் காட்டும் ஜாதகக் கட்டம் அதுதான்.

சராசரி உதவாது

ஓர் எஃகுத் தகட்டிலிருந்து 100 துண்டுகள் வெட்டுவதாக வைத்துக் கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் இயந்திரத்தில் மாட்டி இழுக்கிறார்கள். ஒன்று 98 கிலோவில் அறுபடும். ஒன்று 103-ல் அறுபடும். இன்னொன்று 94-லேயே போய் விடும். சராசரி 100 என்று வருகிறது. அந்த 100-ஐ நம்பி விமானம் கட்டலாமா?

கூடாது. சராசரி 100 என்றால், ஏறக்குறையப் பாதித் துண்டுகள் அதற்கு முன்பே அறுபட்டவை என்று அர்த்தம்!

ஆகவே விமானத் துறையில் வேறு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒரே ஓர் உறுப்பு முழுப் பாரத்தையும் தாங்குகிறதா? அப்படியானால் 100 துண்டுகளில் 99-க்குக் குறையாமல் தாங்கும் எண்ணைத்தான் எடுக்க வேண்டும். ஓர் உறுப்பு போனால் இன்னோர் உறுப்பு தாங்குமா? அப்படியானால் 100-ல் 90 துண்டுகள் தாங்கும் எண் போதும். நாலு துண்டை இழுத்துப் பார்த்து இந்த எண்ணைச் சொல்ல முடியாது. நிறையத் துண்டுகள் வேண்டும். பல உலை உருக்குகளிலிருந்து எடுக்க வேண்டும்.

எண்ணை மட்டும் எழுதினால் போதுமா? போதாது. எந்த உருக்கு, அதன் எண் என்ன, அதில் என்னென்ன கலந்தது, எத்தனை டிகிரியில் எத்தனை மணி நேரம் சூடேற்றியது, தகட்டை எந்தத் திசையில் உருட்டியது, துண்டு எந்த இடத்திலிருந்து வெட்டியது, எந்தச் சூட்டில் இழுத்தது என எல்லாம் எழுத வேண்டும். இதில் ஒன்று விட்டுப் போனாலும் அந்த எண் அனாதை. யாருக்கும் உதவாது.

விட்டுப் போனால் என்ன ஆகும்? 1954-ம் ஆண்டு நடந்ததைப் பாருங்கள். இங்கிலாந்தில் கட்டிய காமெட் என்ற ஜெட் விமானம் அப்போது உலகத்தின் பெருமையாக இருந்தது. ஜனவரியில் ஒன்று, ஏப்ரலில் ஒன்று என இரண்டு காமெட்டுகள் இத்தாலி நாட்டை ஒட்டிய கடலுக்கு மேலே பறக்கும் போது உடைந்து விழுந்தன. 56 பேர் உயிர் இழந்தார்கள்.

பின்பு ஒரு காமெட் விமானத்தைப் பெரிய தண்ணீர்த் தொட்டியில் வைத்து, உள்ளே அழுத்தத்தை ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கிச் சோதித்தார்கள். உடல் பகுதி களைப்பால் கிழிந்தது. விமானத்தை விற்பதற்கு முன் சோதிக்கவில்லையா என்று கேட்கலாம். சோதித்தார்கள். ஆனால் அன்று சோதனைக்கு எடுத்த உடல் பகுதியை அதற்கு முன்பே ஒரு முறை மிகுந்த அழுத்தத்துக்கு உட்படுத்தி இருந்தார்கள். அதனால் அதன் மூலைகள் இறுகி, வழக்கத்தைவிட அதிகக் காலம் தாங்கி விட்டன. சோதனைத் துண்டுக்கும் ஒரு பூர்வ கதை உண்டு. அந்தக் கதையைக் கணக்கில் சேர்க்காததால், கிடைத்த எண் ஏமாற்றி விட்டது.

குமரிக் கடற்கரை மணல்

1957-ல் பிரம்ம பிரகாஷ் டிராம்பேக்குத் திரும்பினார். உலோகப் பிரிவுக்குத் தலைமை வகித்தார். 1959-ம் ஆண்டு ஜனவரி மாதம் 30-ந்தேதி, அணு உலைக்கு ஏற்ற சுத்தமான யுரேனியக் கட்டி முதன்முதலாக டிராம்பேயில் உருவாயிற்று. 1960-ம் ஆண்டு ஜூலையில் இயங்கத் தொடங்கிய சைரஸ் அணு உலையில், இந்தியாவில் செய்த எரிபொருள் கோல்களும் இடம் பெற்றன.

அடுத்த வேலை இன்னும் கடினம். மின்சாரம் தரும் அணு உலையில் யுரேனியத்தை ஒரு குழாய்க்குள் அடைத்து வைக்க வேண்டும். குழாய் வெந்நீரில் அரிக்கக் கூடாது. அணுவைப் பிளக்கும் நியூட்ரான் துகள்களைத் தின்று விடவும் கூடாது. அதற்கு ஏற்ற உலோகம் சிர்கோனியம்.

அது எங்கே கிடைக்கிறது? கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையிலும், கேரளத்தின் சவராக் கடற்கரையிலும் கிடைக்கிறது. கடலோரத்து மணலில் கலந்திருக்கும் சிர்க்கான் என்ற கனத்த துகளில் இருந்து அதை எடுக்கிறார்கள்.

ஆனால் அதற்கு ஓர் இரட்டைப் பிறவி உண்டு. ஹாப்னியம் என்று பெயர். 100 பங்கில் சுமார் 2 பங்கு அதோடு ஒட்டிக் கொண்டே வரும். குணத்தில் இரண்டும் ஒன்று போல இருக்கும். ஆனால் ஹாப்னியம், சிர்கோனியத்தைவிட 500 மடங்குக்கு மேல் நியூட்ரான்களைத் தின்று விடும். 10,000 பங்கில் 1 பங்குக்கும் குறைவாக அதைக் கொண்டு வந்தால்தான் குழாய் உதவும். பார்த்தால் தெரியாது, தட்டினால் தெரியாது. அளந்து எழுதினால்தான் தெரியும்.

பிரம்ம பிரகாஷும் அவரோடு உழைத்தவர்களும் அந்தப் பிரிப்பு முறையை இந்தியாவிலேயே உருவாக்கினார்கள். அவர்களில் ஒருவர் சி. வி. சுந்தரம். அவர் பிற்காலத்தில் கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையத்தின் இயக்குநராக விளங்கியவர். ஆராய்ச்சிக்கூடத்தில் பிறந்த வேலை, 1970-களின் தொடக்கத்தில் ஐதராபாத்தில் அணு எரிபொருள் தொழிற்சாலையாக வளர்ந்தது. அந்தத் தொழிற்சாலையை நிறுவியதில் பிரம்ம பிரகாஷுக்குப் பெரும் பங்கு உண்டு.

புகழும் வந்தது. 1961-ல் பத்மஸ்ரீ. 1963-ல், தாம் பணியாற்றிய அதே பட்நாகரின் பெயரால் வழங்கும் பரிசு. 1968-ல் பத்மபூஷண்.

60 வயதில் புது வேலை

1971-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 30-ந்தேதி விக்ரம் சாராபாய் திடீரென்று காலமானார். அவருக்கு வயது 52. நாட்டின் ராக்கெட் வேலை தகப்பனை இழந்த குடும்பம் போல நின்றது.

திருவனந்தபுரத்தை அடுத்த தும்பா, ஒரு மீனவர் குப்பம். அங்கே இருந்த மாதா கோவிலைத்தான் ராக்கெட் விஞ்ஞானிகள் தங்கள் முதல் ஆபீசாக வைத்துக் கொண்டார்கள். 1963-ம் ஆண்டு நவம்பரில் அங்கிருந்து முதல் சிறு ராக்கெட் கிளம்பியது. அதற்குப் பின் மருந்துக்கு ஒரு கூடம், உடலுக்கு ஒரு கூடம், கருவிக்கு ஒரு கூடம் என்று பல நிலையங்கள் தனித்தனியே வளர்ந்தன. அவற்றை எல்லாம் 1972-ல் ஒன்றாகச் சேர்த்து, விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் என்று பெயர் வைத்தார்கள். விண்வெளித் துறைக்குத் தலைமை ஏற்றவர் சதீஷ் தவான்.

புதிய மையத்துக்கு யாரை இயக்குநராக வைப்பது? பிரம்ம பிரகாஷ் நியமிக்கப்பட்டார். அவருக்கு அப்போது வயது 60. மற்றவர்கள் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, பேரன் பேத்திகளைக் கொஞ்சும் வயது. அவர் ராக்கெட் கட்டியவரும் அல்ல. ஆனால் எந்தப் பொருளையும் சோதித்து, கணக்கு எழுதி, தொழிற்சாலை வரைக்கும் கொண்டு போகத் தெரிந்தவர். ராக்கெட்டுக்கு அன்று தேவைப்பட்டது அதுதான்.

எஃகும் பைபரும்

அப்துல் கலாமின் தலைமையில் எஸ்.எல்.வி.-3 ராக்கெட் உருவாகிக் கொண்டிருந்தது. உயரம் சுமார் 22 மீட்டர். எடை 17 டன். நான்கு அடுக்குகள். ஓர் அடுக்கு எரிந்து விழ, அடுத்தது எரிய வேண்டும். இத்தனையும் எதற்கு? சுமார் 40 கிலோ எடை உள்ள ஒரு சிறு கோளைப் பூமியைச் சுற்ற வைக்கத்தான்!

17 டன் ராக்கெட். 40 கிலோ சுமை. ஒவ்வொரு கிலோவும் தங்கம் என்பது இதிலிருந்து விளங்கும். கூட்டைக் கனமாகச் செய்தால் பாரம் தூக்காது. மெல்லியதாகச் செய்தால் பிளந்து விடும். ஆகவே மெல்லியதாகவும் இருக்க வேண்டும். பலமாகவும் இருக்க வேண்டும்.

சாதாரண எஃகுக் கம்பி ஒன்றை எடுத்துக் கொள்ளுங்கள். அதன் குறுக்கு வெட்டு 1 சதுர மில்லி மீட்டர் என்றால், அது சுமார் 40 கிலோ தாங்கும். எஸ்.எல்.வி.-3-ன் கீழ் அடுக்குகளுக்கு எடுத்த எஃகு அதே அளவில் சுமார் 100 கிலோ தாங்கும். ஒரு மூட்டை அரிசி! அந்த எஃகில் குரோமியம், மாலிப்டினம், வனேடியம் ஆகியவை சிறிதளவு கலந்திருக்கும்.

மேல் அடுக்குகளுக்கு எஃகுகூடக் கனம். அங்கே கண்ணாடி நாரைப் போன்ற இழைகளைப் பிசினில் தோய்த்து, நூல் சுற்றுவது போலச் சுற்றி, கூடு செய்தார்கள். காசிமேட்டிலும் எண்ணூர்க் குப்பங்களிலும் கரையில் நிற்கும் பைபர் படகைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். மரப் படகும் கட்டுமரமும் இருந்த இடத்தில், கண்ணாடி நாரும் பிசினும் சேர்ந்த படகு வந்து விட்டது. எடை குறைவு, உப்புத் தண்ணீரில் துருப் பிடிக்காது. ராக்கெட்டின் மேல் அடுக்கும் அந்தப் படகும் ஒரே ஜாதிப் பொருள்தான்.

ஆனால் படகில் ஒரு கீறல் விழுந்தால் கரைக்கு இழுத்து ஒட்டுப் போடலாம். வானத்தில் ஒட்டுப் போட முடியாது. இந்தப் பொருளுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. எஃகுத் தகடு ஆலையிலிருந்து தகடாகவே வரும். பைபர் கூடு, கூடாகும் போதுதான் பொருளாகவே பிறக்கிறது. பிசின் எந்தத் தேதியில் வந்தது, எத்தனை நாள் இருந்தது, அன்று காற்றில் ஈரம் எவ்வளவு, இழையை எவ்வளவு இழுத்துச் சுற்றியது, எத்தனை மணி நேரம் சூடு காட்டியது என்பவற்றில் எது மாறினாலும் பலம் மாறும். ஆகவே புதுப் பொருள் வந்தால் ஜாதகம் இன்னும் நீளமாகிறது.

தண்ணீர்ச் சோதனையில் வெடித்த கூடு

எல்லாம் தெரிந்த நாடுகளும் இதில் தவறி விழுந்தது உண்டு. 1965-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் அமெரிக்காவில் ராட்சச ராக்கெட் கூடு ஒன்றைக் கட்டினார்கள். குறுக்களவு 260 அங்குலம். அதாவது இருபது அடிக்கு மேல். மாரேஜிங் என்ற புது வகை எஃகில் செய்தது. 100 பங்கில் 18 பங்கு நிக்கல். கம்பிக் கணக்கில் 1 சதுர மில்லி மீட்டருக்குச் சுமார் 175 கிலோ தாங்கக் கூடியது.

அந்தக் கூட்டில் தண்ணீரை நிரப்பி அழுத்தத்தை ஏற்றினார்கள். எவ்வளவு தாங்க வேண்டும் என்று குறித்திருந்தார்களோ, அதில் பாதியைச் சற்றுத் தாண்டியதும் கூடு வெடித்துச் சிதறியது. காரணம் என்ன? பற்றவைத்த இடத்தில் சிறு குறை ஒன்று கண்ணுக்குத் தப்பி இருந்தது.

எஃகு பலமாக ஆக ஆக, கீறலைப் பொறுக்கும் குணம் குறைகிறது. சாதாரண இரும்பு வளைந்து கொடுக்கும். மிகப் பலமான எஃகு, கண்ணாடி போலச் சிறு கீறலிலிருந்து ஓடி விடும். ஆகவே எவ்வளவு இழுவை தாங்கும் என்ற எண் மட்டும் போதாது. எவ்வளவு கீறலைத் தாங்கும் என்ற எண்ணும் வேண்டும். தகட்டுக்குத் தனி எண்; பற்றவைத்த தையலுக்குத் தனி எண். பெண்ணுக்கு ஜாதகம் இருந்தால் போதுமா? மாப்பிள்ளைக்கும் வேண்டும். இரண்டும் சேர்ந்தால் எப்படி என்ற பொருத்தமும் வேண்டும்!

1979 ஆகஸ்டு 10

ஏழு ஆண்டு உழைப்புக்குப் பின், 1979-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 10-ந்தேதி எஸ்.எல்.வி.-3 ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது. முதல் அடுக்கு ஒழுங்காக எரிந்தது. எஃகுக் கூடு தாங்கியது. இரண்டாவது அடுக்கில் ராக்கெட் தடுமாறியது. 317-வது வினாடியில் எல்லாம் முடிந்து, மிச்சம் வங்கக் கடலில் விழுந்தது.

ஆராய்ந்து பார்த்தார்கள். இரண்டாவது அடுக்கின் திசை திருப்பும் கருவிக்கு வேண்டிய அமிலம், மூடாத ஒரு வால்வு வழியே முன்னதாகவே கசிந்து போயிருந்தது. ஒரு சின்ன வால்வு! 17 டன் ராக்கெட்டைக் கவிழ்த்து விட்டது.

அன்று கலாம் மனமும் உடலும் சோர்ந்து அறைக்குப் போய்ப் படுத்து விட்டார். பிற்பகலில் ஒரு கை தோளைத் தொட்டு எழுப்பியது. படுக்கை அருகே பிரம்ம பிரகாஷ் உட்கார்ந்திருந்தார். மைய இயக்குநர் அவர். தோல்விக்கு அவரும் பதில் சொல்லியாக வேண்டும். ஆனால் அவர் கேள்வி கேட்க வரவில்லை. சாப்பிட அழைத்துப் போக வந்திருந்தார். இந்தச் சம்பவத்தைக் கலாம் பிற்காலத்தில் தம் சுயசரிதையில் எழுதி வைத்தார்.

இது அன்புள்ளம் மட்டும் அல்ல. உலோக விஞ்ஞானிக்கு உடைந்த துண்டு குப்பை அல்ல. உடைந்த துண்டுதான் அவனுக்குப் பாடம். எங்கே கீறல் தொடங்கியது, எந்த வழியாக ஓடியது என்று பார்த்து எழுதுவான். உடைத்தவனைத் திட்டினால் உண்மை ஒளிந்து கொள்ளும். கணக்குப் புத்தகத்தில் பொய் எண் ஏறி விடும். அந்தப் பொய் எண் பின்னால் ஒரு நாள் பழி வாங்கும்.

அந்த ஆண்டிலேயே பிரம்ம பிரகாஷ் இயக்குநர் பதவியிலிருந்து ஓய்வு பெற்றார். 1980-ம் ஆண்டு ஜூலை மாதம் 18-ந்தேதி எஸ்.எல்.வி.-3 மறுபடி கிளம்பியது. இந்த முறை குறை இல்லை. 35 கிலோ எடை உள்ள ரோகிணி, இந்திய மண்ணிலிருந்து இந்திய ராக்கெட்டில் ஏறிப் பூமியைச் சுற்றியது.

அவருக்குப் பின்

1984-ம் ஆண்டு ஜனவரி மாதம் 3-ந்தேதி டாக்டர் பிரம்ம பிரகாஷ் காலமானார். அவருக்கு வயது 71. அதே மாதம் 27-ந்தேதி கல்பாக்கத்தின் முதல் அணு மின் உலை, மின்சாரம் வழங்கும் வணிகப் பணியைத் தொடங்கியது. அதன் யுரேனியத்தைப் போர்த்தி இருந்தவை சிர்கோனியக் குழாய்கள். சுமார் அரை மீட்டர் நீளமுள்ள 19 குழாய்கள் சேர்ந்தது ஒரு கட்டு.

அமெரிக்காவில் வெடித்ததே, அந்த மாரேஜிங் எஃகு என்ன ஆயிற்று? இந்தியா அதை ஒதுக்கி விடவில்லை. 1973-ல் ஐதராபாத்தில் மிஸ்ர தாது நிகம் என்ற அரசாங்கத் தொழிற்சாலை தொடங்கியது. விசேஷக் கலப்பு உலோகங்களை இங்கேயே உருக்குவதற்கு ஏற்பட்டது அது. அங்கும் விண்வெளி மையத்திலும் அந்த எஃகைப் பல ஆண்டுகள் உருக்கி, இழுத்து, கீறி, பற்றவைத்து, சோதித்து எழுதினார்கள்.

அந்த எஃகில்தான் பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் முதல் அடுக்கு ஆயிற்று. குறுக்களவு 2.8 மீட்டர். 1993-ல் முதல் பயணம் தோல்வி. 1994-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 15-ந்தேதி வெற்றி. 2023-ம் ஆண்டு ஜூலை மாதம் 14-ந்தேதி சந்திரயான்-3-ஐச் சுமந்து கிளம்பிய பெரிய ராக்கெட்டின் இரு பக்கமும் எரிந்தனவே இரண்டு தூண்கள், அவற்றின் கூடும் அதே எஃகுதான். குறுக்களவு 3.2 மீட்டர்.

கணக்குப் புத்தகம் இன்று கம்ப்யூட்டருக்குள் போய் விட்டது. ஆனால் எழுத வேண்டியவை மாறவில்லை. உருக்கு எண், கலவை, சூடு, நேரம், திசை, உடைந்த எடை. சென்னைத் துறைமுகத்துக் கிரேனின் கொக்கிக்கும் சோதனைச் சான்றிதழ் வேண்டும். வானத்துக்குப் போகும் எஃகுக்கும் வேண்டும். இன்று ஒரு புதுக் கலப்பு உலோகம் கண்டுபிடிக்கப்பட்டால், அது விமானத்தில் ஏறுவதற்குப் பல ஆண்டுகள் ஆகின்றன. உருக்குவதற்கு அத்தனை காலம் ஆவதில்லை. நம்புவதற்குத்தான் ஆகிறது.

அந்த நம்பிக்கைக்காக இயந்திரத்தின் முன் உட்கார்ந்து, துண்டு அறுபடும் வரை காத்திருந்து, வந்த எண்ணை வந்தபடியே எழுதுகிறவர்களின் பெயர் பத்திரிகையில் வருவதில்லை. அவர்கள் சரியாக எழுதியதற்கு அத்தாட்சி ஒன்றுதான். ராக்கெட்டின் கூடு பிளக்காமல் இருக்கிறது.